என்ன கலர் எடுக்கலாம்

கறுப்புத் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு கண்ணன் கடையை விட்டே கீழே இறங்கிவிட்டான். மேசைமேல் கிடந்த துணி உருண்டு உருண்டு அவன் பின்னாலேயே வாசல்வரை போனது. டெய்லர் பீர் முகமது ஒரு கையால் அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவன் மனைவி அம்பிகாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இங்கிட்டு வந்து பாரு," என்று தெருவிலிருந்து கூப்பிட்டான் கண்ணன். "உள்ள ட்யூப்லைட்டுல ஒரு கலரு தெரியுது, வெயில்ல வேற கலரு தெரியுது."

"ஏசி ரூம்லதான் இண்டர்வியூ வப்பாங்க. நடுத்தெருவுலயா வச்சுக் கேள்வி கேக்கப் போறாங்க?"

"பஸ்ஸை விட்டு எறங்கி ஆபீஸ் வாசல் வரைக்கும் வெயில்லதான நடக்கணும்? மாடியில இருந்து எவனாச்சும் பாத்துக்கிட்டு இருப்பான்."

அம்பிகா எழுந்து வாசலுக்குப் போனாள். அவன் துணியை அவள் தோளில் போட்டு, ரெண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தான். சந்தின் கடைசியில் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வாய்தா வாங்கப் போற வக்கீலம்மா மாதிரி இருக்க."

"அப்ப நீலத்தை எடுத்துருவோம்."

"ஏடிஎம் வாசல்ல ஸ்டூலு போட்டு உக்காந்திருக்கிறவரு போட்டிருப்பாரே, அந்த நீலம்."

"சாம்பல் கலரு?"

"எங்க முதலாளி காருக்குள்ள சீட்டு உறை இந்தத் துணிதான்."

பீர் முகமது சிரித்துவிட்டார். அலமாரியில் அடியில் இருந்த ஒரு உருளையை இழுத்துப் போட்டார். அடர்ந்த அரக்கு நிறம். அம்பிகா அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். துணி வழுவழுப்பில்லாமல், கனமாக, கைக்கு இதமாக இருந்தது.

"இது பேண்டு செட்டு," என்றான் கண்ணன் உடனே. "கல்யாண ஊர்வலத்துல ஊதிக்கிட்டு முன்னாடி போவாய்ங்களே, அவுங்க கோட்டு."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கடைக்கு அந்த வாரத்தில் மூன்றாம் தடவையாக வந்திருந்தார்கள். முதல் தடவையே அளவெடுத்தாகிவிட்டது. பீர் முகமதுவின் மனைவி டேப்பைப் பிடிக்க, திரைக்கு இந்தப் பக்கமிருந்து அவர் எண்களைக் குறித்துக்கொண்டார். நிறம் மட்டும்தான் முடிவாகவில்லை. ஒவ்வொரு தடவையும் கண்ணன் ஏதாவது ஒரு குறை சொல்லி, நாளைக்குச் சொல்கிறோம் பாய் என்று அவளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவான்.

அம்பிகா வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தாள். ஷிப்டுக்கு வரும் பெண்களின் வருகைக் கணக்கு, ஹாஸ்டல் சண்டை, காய்ச்சல், ஊருக்குப் போகக் கேட்கும் லீவு எல்லாம் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.பி.ஏ. முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆலைக்காரர்கள் ஹெச்.ஆர். மேனேஜர் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் சுற்றுப் பேச்சு போனிலேயே முடிந்திருந்தது. அடுத்த வாரம் நேரில் வரவேண்டும், ஃபார்மல்ஸில் வாருங்கள் என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். மில்லில் விசாரித்ததில், அந்த மாதிரி வேலைக்குக் கோட்டும் பேண்ட்டுமாகத்தான் வந்து உட்காருவார்கள் என்றார்கள். இதைக் கண்ணனிடம் சொன்னால் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. "அப்ப நம்மளும் தைப்போம்," என்றான்.

அவன் தாடிக்கொம்பு வழியாகப் போகும் தனியார் டவுன் பஸ்ஸில் டிரைவர். பூ மூட்டைகளோடு மார்க்கெட்டுக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொள்ள இருட்டோடு எழுந்து போய்விடுவான். அவன் திரும்புகையில் அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். வாரத்தில் ஒருநாள்தான் காலை நேரத்தில் இருவரும் முழிப்போடு முகம் பார்த்துக்கொள்வது. இந்த வாரம் மட்டும் அவள் லீவு போட்டிருந்தாள், அவன் மத்தியான ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். பிள்ளை இல்லை. அதைப் பற்றிய பேச்சும் அந்த வீட்டில் அடங்கிப் பல வருஷமாயிற்று. இருவரும் சேர்ந்து துணிக்கடை ஏறியது தீபாவளிகளுக்குத்தான். அதனால் இந்த மூன்றாம் தடவை அம்பிகாவுக்கு எரிச்சலாகவும் இருந்தது, முடிந்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

"நெஞ்சு கரிக்குது. ஒரு சோடா குடிச்சுட்டு வாரேன்," என்று கண்ணன் எதிர்க்கடைக்குப் போனான். மத்தியான ஷிப்டுக்கு அவன் போயாக வேண்டும். குடித்துவிட்டு வந்து, கடைக்குள் ஏறாமலே சொன்னான்: "நாளைக்குச் சொல்றோம் பாய்."

பீர் முகமது அம்பிகாவிடம் மெதுவாகச் சொன்னார்: "தைக்க எனக்கு ரெண்டு நாளாச்சும் வேணும்மா. பாத்துக்கங்க."

ஸ்கூட்டியை அவள்தான் ஓட்டினாள். பஸ் ஓட்டுகிறவன் பின்னால் உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. பிரேக்கு, ஆரன் அடி, அந்த ஆட்டோக்காரன் திரும்புவான் பாரு என்று சொல்லிக்கொண்டே வருவான். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வந்தான். ஒரு கை மட்டும் அவள் தோளில் இருந்தது.

அவளுக்குத்தான் அடக்க முடியவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் கோயம்புத்தூர் போறதுல உங்களுக்கு இஷ்டமா, இல்லையா?"

வேகத்தைக் குறைத்தாள்.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இப்படி தினமும் ஒரு கலரைச் சொல்லிக்கிட்டு இருக்கிறதுக்கு..."

"முன்னாடி லாரி நிக்குது பாரு," என்றான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினான். துண்டால் முகத்தைத் துடைத்தான். கண்டக்டர் ராயப்பராஜ் தூரத்திலிருந்து விசிலை ஊதிக் கையைக் காட்டினான்.

"கலரைச் சாயந்தரம் சொல்றேன்."

"நான் கலரைக் கேக்கல."

கண்ணன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரிதான் இருந்தது. ராயப்பராஜ் மறுபடி ஊதினான். "வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போ," என்று சொல்லிவிட்டு, பஸ்களுக்கு நடுவே புகுந்து போனான். அம்பிகா வண்டியைத் திருப்பினாள். கோபத்தில் அவன் போகிறதை முழுசாகப் பார்க்காமலே திருப்பினாள்.

வெயில் தாழ்கிற நேரத்தில் ராயப்பராஜ் போன் செய்தான்.

"அண்ணி, அண்ணனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். நீங்க வாங்க."

"என்ன செய்யுது அவருக்கு?"

"வாங்க அண்ணி." கொஞ்சம் இடைவெளி விட்டு, "மெதுவா வாங்க," என்றான்.

மெதுவா என்ற சொல்லைக் கேட்டதும் அவள் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிவிட்டாள். வாசல் கதவைப் பூட்டினாளா இல்லையா என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ராயப்பராஜ் பணப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தான். ட்ரிப்பு முடித்துவிட்டு இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீயை ஒரு வாய் குடித்தாராம். அடுத்த ட்ரிப்புக்கு ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நேரமாயிற்றே என்று இவன் போய்க் கூப்பிட்டபோது தூணில் தலையைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி இருந்தாராம்.

"செத்த நேரம் கண்ணை மூடிட்டு வரட்டும்னு விட்டுட்டேன் அண்ணி," என்றான்.

அம்பிகா உள்ளே போய்ப் பார்த்தாள். கண்ணனின் தலைமுடி கலைந்திருந்தது. காக்கிச் சட்டையின் மேல் பொத்தான்களை யாரோ திறந்துவிட்டிருந்தார்கள். அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். நர்ஸ் ஒருத்தி வேண்டாம் என்று சொல்ல வந்தவள், சொல்லாமல் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலையில் தாடிக்கொம்பு வீட்டின் முன்னால் பந்தல் போட்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணன் படுத்திருந்தான். கண்ணனின் அக்கா அழகம்மாள் வடமதுரையிலிருந்து வந்து, அழுது, தொண்டை கட்டி, இப்போது வருகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அம்மா போனபிறகு தம்பியை வளர்த்துக் கல்யாணம் செய்து வைத்தவள் அவள்தான். அம்பிகா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை அவளுக்கு வரவில்லை. நேற்று ஸ்கூட்டியில் கேட்ட கேள்வி மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இஷ்டமா, இல்லையா. சாயந்தரம் சொல்கிறேன் என்றானே. கலரைத்தான் சொல்கிறேன் என்றான். ஆனாலும் சாயந்தரம் என்று ஒன்று இருந்தது.

பத்தரை மணி பஸ் வழக்கமான நிறுத்தத்தில் நிற்காமல் வீட்டுக்கு எதிரே வந்து நின்றது. முன்படியில் ஐந்தாறு பெண்கள் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரையும் அம்பிகாவுக்குத் தெரியாது. ராயப்பராஜ் ஒரு பெரிய மாலையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான்.

"எல்லாரும் நம்ம வண்டியில தினமும் வர்றவங்க அண்ணி," என்றான். "முன் சீட்டுக்காரங்க. பாக்கணும்னாங்க."

வயதான பூக்காரி ஒருத்தி மடியிலிருந்த உதிரிப் பூவைப் பெட்டிமேல் தூவினாள். பிறகு அம்பிகாவுக்கு எதிரே குந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானா தாயி அந்தக் கோட்டுப் போடப் போற பிள்ளை?"

அம்பிகாவுக்குப் புரியவில்லை.

"நேத்து வண்டியில எங்களை ஒருத்தரை விடாமக் கேட்டுக்கிட்டே வந்தாரு. எம் பொண்டாட்டி பெரிய வேலைக்குப் போறா, இண்டர்வியூவுக்குக் கோட்டுத் தைக்கணும், என்ன கலர் எடுக்கலாம் சொல்லுங்கன்னு. எனக்கென்ன தெரியும் கோட்டைப் பத்தி? கனகாம்பரக் கலர்ல எடுங்க டிரைவர் தம்பி, பளிச்சுன்னு இருக்கும்னேன்."

பக்கத்தில் நின்ற பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். ஏதோ பள்ளிக்கூடத்து டீச்சர் போலத் தெரிந்தாள். "நான் நேவி ப்ளூன்னு சொன்னேங்க. அது ஏடிஎம் செக்யூரிட்டி மாதிரி இருக்குமே டீச்சர்னு சிரிச்சாரு."

அம்பிகா நிமிர்ந்து பார்த்தாள். நேற்றுக் கடையில் அவன் சொன்ன அதே சொல், இன்னொருத்தி வாயில்.

"நான் கறுப்பு மட்டும் வேணாம்னேன்," என்றாள் இன்னொருத்தி. "நல்ல காரியத்துக்குப் போறப்ப எதுக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"நேத்து அம்புட்டு நேரமும் வண்டியில இதே பேச்சுத்தான்," என்றாள் பூக்காரி. "பின் சீட்டு ஆம்பளைக வரைக்கும் போயிருச்சு. ஒருத்தன் பச்சைங்கிறான், ஒருத்தன் வெள்ளைங்கிறான். சண்டையே வந்துருச்சு. டிரைவர் தம்பி கண்ணாடியில பாத்துப் பாத்துச் சிரிக்கிறாரு."

யாரோ ஒருத்தி லேசாகச் சிரித்து, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழகம்மாள் அந்தப் பக்கமிருந்து திரும்பினாள்.

"சாவு வீட்டுல என்னத்தா பேச்சு இது?"

பெண்கள் எழுந்துகொண்டார்கள். பஸ் புறப்பட நேரமாகிவிட்டிருந்தது. எல்லாரும் போனபிறகும் ஒரு பெண் மட்டும் தயங்கி நின்றாள். கறுப்பு முக்காட்டைத் தலையில் இழுத்துவிட்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

"அக்கா, எம் பேரு ஷமா. பேகம்பூர்ல ஒரு கடையில பில் போடுறேன். நேத்து நான் எஞ்சின் பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தேன்."

அம்பிகா நகர்ந்து இடம் விட்டாள். ஷமா உட்கார்ந்தாள். சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்கள்ல. எல்லாரும் எறங்குன பெறகு நான் கேட்டேன். எங்களை எல்லாம் கேக்குறீங்களேண்ணே, உங்களுக்கு எது பிடிச்சிருக்குன்னு."

அம்பிகா அவள் வாயையே பார்த்தாள்.

"'அவ எதைப் போட்டுக்கிட்டுப் போனாலும் வேலைக்கு எடுத்துப்புடுவாய்ங்க பாப்பா. எனக்குத் தெரியும். அதான் கலரு கலருன்னு நாளை ஓட்டிக்கிட்டு இருக்கேன்'னாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலக்கா."

"சிரிச்சுக்கிட்டே சொன்னாரா?"

ஷமா யோசித்தாள். பொய் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிற முகமாக இல்லை. நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தாள். "ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. மூஞ்சி தெரியல."

பஸ் ஆரன் அடித்தது. ஷமா அவள் கையை ஒருதரம் அழுத்திவிட்டு எழுந்து போனாள்.

கண்ணாடிப் பெட்டியில் அவன் முகம் இருந்த இடத்தில் புகை படிந்த மாதிரி இருந்தது. அம்பிகா முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. மறுபடி அழுத்தித் துடைத்தாள். பனி உள்பக்கம் படிந்திருந்தது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். அழகம்மாள் வந்து கையைப் பிடித்து நிறுத்தும்போதுதான் அம்பிகாவுக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

குளிப்பாட்டுவதற்கு ஆண்கள் தூக்கிப்போன நேரத்தில் அழகம்மாள் அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். காப்பி கொடுத்தாள். அம்பிகா வேண்டாம் என்றபோதும் தம்ளரை அவள் கையிலேயே பிடித்துவைத்தாள்.

"அந்தப் பொம்பளைகளை நான் வைஞ்சிருக்கக் கூடாது," என்றாள் தானாகவே. "நேத்து எனக்கும் போன் போட்டான்."

"எப்ப மதினி?"

"மூணு மணிக்கு மேல. டீக் குடிக்கப் போறேன்னான். அப்புறம் இதையேதான் கேட்டான். அக்கா, அம்பிகாவுக்கு என்ன கலர் கோட்டு எடுக்கலாம்னு. நான் பச்சைன்னு சொன்னேன். பச்சையில கோட்டு வருமா என்னமோ, எனக்குத் தெரியாது. கேட்டான், வாயில வந்ததைச் சொன்னேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவன் கடைசியா எங்கிட்டக் கேட்டது இதுதான்."

அம்பிகா தம்ளரைக் கீழே வைத்தாள். ரொம்ப நேரமாக உள்ளே இருந்ததை அப்போதுதான் வெளியே சொன்னாள்.

"நான் போறதுல அவருக்கு இஷ்டமா, இல்லையான்னு கேட்டேன் மதினி. பதில் சொல்லல. நாளை ஓட்டிக்கிட்டு இருக்கேன்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லியிருக்காரு. எடுத்துப்புடுவாய்ங்கன்னும் சொல்லியிருக்காரு. போகச் சொல்றாரா, வேணாங்கிறாரா, எதுன்னு எனக்குத் தெரியல."

அழகம்மாள் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அவனுக்கே தெரிஞ்சிருக்காது ஆத்தா," என்றாள்.

வெளியே கொட்டுச் சத்தம் உரத்தது. கூப்பிட்டார்கள். பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் தோளில் குடத்தோடு முன்னால் போனான். பஸ் முதலாளி ஒரு ட்ரிப்பை நிறுத்தி வண்டியை அனுப்பியிருந்தார். டிரைவர்களும் கண்டக்டர்களும் காக்கி உடையிலேயே வந்து தோள் மாற்றித் தூக்கினார்கள். தெருமுனை திரும்பும்வரை பெண்கள் நின்றார்கள். இந்தத் தடவை அம்பிகா அவன் போகிறதை முழுசாகப் பார்த்தாள்.

அடுத்த நாள் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பிய பிறகு, பீர் முகமது வந்தார். பஸ் ஸ்டாண்டில் கேள்விப்பட்டாராம். வெள்ளைத் தொப்பியோடு பந்தலின் ஓரத்து நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எழும்போது அம்பிகா வாசலுக்கு வந்தாள்.

"ஒண்ணும் அவசரம் இல்லம்மா," என்றார். "அளவு எங்கிட்ட இருக்கட்டும். எப்ப வேணும்னாலும் சொல்லுங்க. இல்ல, வேணாம்னாலும் சரிதான்."

அம்பிகா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றிலிருந்து அவள் தலைக்குள் கறுப்பும் நீலமும் கனகாம்பரமும் பச்சையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இத்தனை பேரைக் கேட்டவன் அவளுக்கு எது பிடித்திருக்கிறது என்று ஒருதரமும் கேட்கவில்லை. அவளும் தன் வாயால் சொன்னதில்லை. அவன் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

"தைச்சிருங்க பாய்."

"எதுலம்மா?"

"அரக்கு."

உள்ளே உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "அரக்கா? இந்த நேரத்துலயா? பதினாறு முடியிறதுக்கு முன்னால வாசப்படி தாண்டுறதாவது. அதுவும் செவப்புல."

அம்பிகா திரும்பவில்லை. பீர் முகமது சங்கடத்தோடு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே அழகம்மாள் வந்தாள்.

"பதினாறு முடியட்டும்னா அந்தக் கம்பெனிக்காரன் காத்துக்கிட்டு இருப்பானா?" என்றாள் பெரியம்மாவிடம். அதில் சண்டைக்கான சத்தம் இல்லை. பிறகு பீர் முகமதுவிடம் சொன்னாள்: "அவ கேட்ட கலர்லயே தைங்க பாய். போட்டுப் பாக்கணும்னா சொல்லியனுப்புங்க. நான் கூட்டிக்கிட்டு வாரேன்."

பெரியம்மா ஏதோ முணுமுணுத்தாள். அன்றைக்குச் சாயந்தரமே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அழகம்மாள் அவளை நிறுத்தவில்லை.

ரெண்டு நாள் கழித்துக் காலையில் இருவரும் டவுனுக்குப் போனார்கள். வீதியில் ஆட்கள் பார்த்தார்கள். அழகம்மாள் முன்னால் நடந்தாள். பஸ்ஸில் ராயப்பராஜ் அவர்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் முன்பக்கம் இடம் செய்துகொடுத்தான். டிரைவர் சீட்டில் வேறொரு ஆள் இருந்தார். அம்பிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, டவுன் வருகிறவரை சாலையோரத்தைப் பார்த்தாள். மல்லிகைத் தோட்டங்களில் பூவெடுப்பு முடிந்து வெறும் இலையாக நின்றது.

கடையில் கோட்டு ஹேங்கரில் தொங்கியது. பொத்தான் இன்னும் வைக்கவில்லை. விளிம்புகளில் வெள்ளை நூலால் ஓட்டுத் தையல் போட்டிருந்தது. பீர் முகமதுவின் மனைவி ஊருக்குப் போயிருந்தாள். அவர் கோட்டை எடுத்து அழகம்மாளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

"நீங்க போட்டுவிடுங்கம்மா."

அழகம்மாள் வாழ்நாளில் கோட்டைத் தொட்டதில்லை. முதலில் உள்பக்கம் வெளியே தெரிய, தலைகீழாகப் பிடித்தாள். பீர் முகமது தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்தார். கழுத்துப் பட்டியை இப்படி, தோளை இப்படி. அவள் திருப்பிப் பிடித்துக்கொண்டு அம்பிகாவின் பின்னால் வந்து நின்றாள்.

"கையைக் குடு," என்றாள்.

அம்பிகா வலது கையைப் பின்னால் நீட்டினாள். துழாவியதில் முதலில் கிடைக்கவில்லை. பிறகு கை உள்ளே போனது. பிறகு இடது கை. கோட்டின் கனம் மெல்ல ஏறித் தோள்களில் உட்கார்ந்தது. தோளில் ஒட்டியிருந்த நூலை அழகம்மாள் எடுத்துப் போட்டாள். அப்புறம் ரெண்டு உள்ளங்கைகளாலும் தோள்களை அழுத்தித் தடவி நேராக்கினாள். அவள் கை, தம்பியின் கையைப் போலவே, அகலமாகவும் சூடாகவும் இருந்தது.

"இப்படித் திரும்பிக் கண்ணாடியில பாருங்கம்மா," என்றார் பீர் முகமது. "கை இறக்கம் சரியா இருந்தா பொத்தான் வச்சு நாளைக்கே குடுத்துர்றேன்."

அம்பிகா கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. வாசலைப் பார்த்தபடியே நின்றாள். சந்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்க்கடையில் ஒருவர் சோடா குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

"செத்த நேரம் இப்படியே இருங்க மதினி," என்றாள்.

அழகம்மாள் கையை எடுக்கவில்லை.